திருநெல்வேலிச் சீமையில் உருளைக்கிழங்கு வருமா? சிறுகிழங்கில் கிடக்கும் வாய்ப்பைப் பற்றி

கேள்வி இதுதான்: கீழப்பாவூர் பக்கம் 2 ஏக்கர் செவ்வல் தோட்டம், கிணற்றில் தண்ணீர் உண்டு. உருளைக்கிழங்கு விவசாயத்தில் நிறைய புதுமைகள் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள், அதை நம் பக்கம் செய்தால் வளர முடியுமா?

உருளைக்கிழங்கை விட்டுவிடுங்கள். அதே உழைப்பையும் அதே புதுமைகளையும் சிறுகிழங்கில் போடுங்கள். ஏன் என்பதை முதலில் சொல்லிவிட்டு, எப்படி என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

உருளைச் செடி இலையில் செய்த மாவுச்சத்தைக் கீழே இறக்கிக் கிழங்காக்குவது குளிர்ந்த இரவில்தான். இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் கிழங்கு நன்றாகத் திரளும். நம் சமவெளியில் மார்கழி, தை மாதங்களிலும் இரவில் 21, 22 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. செடி பச்சைப்பசேல் என்று நிற்கும், தோண்டிப் பார்த்தால் கோலிக்குண்டு அளவில்தான் இருக்கும். தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல், தாளவாடி, ஓசூர் என்று உயரமான இடங்களாகப் பார்த்து உருளை நிற்பதற்கு இதுவே காரணம். குஃப்ரி சூர்யா போல வெப்பம் தாங்கும் ரகங்களைச் சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டிருக்கிறது. ஆசை விடவில்லை என்றால் அந்த ரகத்தை கார்த்திகைக் கடைசியில் ஒரு சென்டில் நட்டுப் பாருங்கள். ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம். உருளைக்கு ஏக்கருக்கு 1,000 முதல் 1,200 கிலோ விதைக்கிழங்கு வேண்டும், அதுவும் தொலைவிலிருந்து வர வேண்டும். தவறினால் விதைச் செலவே முதுகை ஒடித்துவிடும்.

சிறுகிழங்குக்கு ஏக்கருக்கு 70 முதல் 80 கிலோ விதைக்கிழங்கு போதும். அதுவும் நாற்றங்காலுக்குத்தான், நடவு வயலுக்குக் கொடி மட்டுமே போகிறது. துளசி, கற்பூரவல்லி குடும்பத்துச் செடி இது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் ஊர்த் தட்பவெப்பம் அதற்குச் சொந்த வீடு. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானாலும் கடையம், பாவூர்சத்திரம், சுரண்டை, பாப்பாக்குடி, முக்கூடல் என்று இரண்டு மாவட்டத்துக்கும் இது பொதுப் பயிர். நம் வீடுகளில் தைப்பொங்கல் படையலுக்கும் பொங்கப்படிக்கும் (மகள் வீட்டுக்குக் கொடுக்கும் பொங்கல் சீர்) சிறுகிழங்கு இல்லாமல் முடியாது. மேற்கே புளியரை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் இதற்குக் கூர்க்கை என்று பெயர். அங்கே மார்கழித் திருவாதிரைப் புழுக்கு முதல் அன்றாடப் பொரியலான மெழுக்குப்புரட்டி வரைக்கும் வேண்டும். இப்படி இரண்டு மாநிலம் கேட்கும் ஒரு கிழங்கு நம் கையில் இருக்கிறது.

அப்படியானால் ஏன் பலருக்கு இதில் மிச்சமில்லை? மூன்று இடத்தில் காசு ஒழுகுகிறது. வேர்முடிச்சு நூற்புழு என்ற கண்ணுக்குத் தெரியாத மண்வாழ் புழு கிழங்கைக் கெடுக்கிறது. எல்லாரும் ஒரே மாதத்தில் நட்டு ஒரே மாதத்தில் தோண்டுவதால் பொங்கல் கழிந்ததும் விலை சரிகிறது. பெரியதும் பொடியும் மண்ணும் ஒரே மூடையில் போகிறது. வளர்ச்சி வாய்ப்பு இந்த மூன்று ஓட்டையை அடைப்பதில்தான் இருக்கிறது. கூடுதலாக நிலம் குத்தகைக்குப் பிடிப்பதில் இல்லை.

நூற்புழுவிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் பெரிய ஓட்டை. செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் மணி கோத்தது போல முடிச்சுகள் தெரியும். கிழங்கு சொரசொரவென்று, மரு ஏறி, கோணல்மாணலாக இருக்கும். தோண்டும்போது சுமாராகத் தெரிந்தாலும் மூடைக்குள் இரண்டு வாரத்தில் சுருங்கி அழுகும். வாங்கிப்போன வியாபாரி அடுத்த முறை விலையைக் குறைத்துக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் தோட்டத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. மாசி மாதம், தோட்டத்தில் 10, 15 இடங்களில் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து, மூன்று நான்கு தொட்டியில் நிரப்பித் தக்காளி நாற்று வையுங்கள். 40 நாளில் பிடுங்கி வேரை வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். முடிச்சு இருந்தால் மண்ணில் நூற்புழு இருக்கிறது. ஆய்வகத்தில் எண்ணிக்கை பார்க்க வேண்டும் என்றால் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். அந்த மண் மாதிரியை பாலித்தீன் பையில் ஈரம் போகாமல், வெயில் படாமல் கொண்டுபோக வேண்டும். உரப் பரிசோதனைக்குக் காயவைப்பது போல காயவைத்தால் புழு செத்துவிடும், ஆய்வில் ஒன்றும் தெரியாது.

இருந்தால் என்ன செய்வது? நிலம் சும்மா கிடந்தால் சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டு முறை ஆழ உழுது மண்ணைப் புரட்டிப் போடுங்கள். அடுத்தது பயிர்மாற்றம். சிறுகிழங்கு எடுத்த நிலத்தில் உடனே தக்காளி, கத்தரி, வெண்டை வைப்பதுதான் நம் பக்கம் நடக்கும் பெரிய தவறு. அந்த மூன்றும் அதே நூற்புழுவுக்குச் சாப்பாடு. அதற்குப் பதில் ஸ்ரீபத்ரா என்ற சர்க்கரைவள்ளி ரகத்தை வையுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம் அது, 90 நாள் பயிர். புழு அதன் வேருக்குள் நுழையும், ஆனால் முழுதாக வளர்ந்து முட்டையிட முடியாமல் மாட்டிக்கொள்ளும். சிறுகிழங்குக்கு முந்தைய பருவத்தில் இதைப் பொறிப்பயிராக வைக்கக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. மாசியில் வைத்தால் வைகாசியில் சர்க்கரைவள்ளியும் விற்கலாம், நிலமும் தேறும். கேந்தியும் (செண்டுமல்லி) நல்ல மாற்றுப் பயிர்தான், பூ எடுத்து முடிந்ததும் செடியை மடக்கி உழுதுவிடலாம். வயல் நிலமாக இருந்தால் ஒரு பூ (ஒரு போகம்) நெல் போட்டுத் தண்ணீர் கட்டி வைப்பதே நல்ல மருந்து.

அடியுரத்தோடு ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். பர்புரியோசிலியம் லிலாசினம் என்ற பூஞ்சை நூற்புழுவின் முட்டையைத் தின்னும். முன்பு பெசிலோமைசிஸ் என்ற பெயரில் விற்றார்கள். ஒரு டன் மக்கிய குப்பைக்கு 2 கிலோ வீதம் கலந்து, நிழலில் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கு போட்டு மூடி 15 நாள் வைத்த பிறகு வயலில் போடுங்கள். பொட்டலத்தைப் பிரித்து நேராகக் காய்ந்த மண்ணில் தூவினால் அது பிழைக்காது. பிழைக்காததைப் போட்டுவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

இனி நாற்றங்கால். இந்தப் பயிரில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நூற்புழு மண்ணிலும் வேரிலும் கிழங்கிலும்தான் வாழும், கொடியின் நுனிக்கு ஏறாது. ஆகவே கொடியின் மேல் 10 முதல் 15 சென்டிமீட்டரை மட்டும் வெட்டி நட்டால் நாற்றங்காலிலிருந்து வயலுக்கு நோய் போக வழியில்லை. அவசரத்தில் கொடியை வேரோடு பிடுங்கி நடுகிறார்களே, அப்போதுதான் வயல் முழுக்கப் புழுவை நாமே விதைக்கிறோம். உருளைக்கிழங்கில் இன்று பெரிய புதுமையாகப் பேசப்படுவதும் இதுதான்: நோயில்லாத திசுவளர்ப்புச் செடியின் நுனியை வெட்டி வேர்விடச் செய்து, கிழங்குக்குப் பதில் நாற்றாக நடுவது. நம் சிறுகிழங்கில் அது காலங்காலமாக இருக்கும் முறை. அதைச் சுத்தமாகச் செய்தாலே போதும்.

ஒரு ஏக்கருக்கு 5 முதல் 6 சென்ட் நாற்றங்கால் வேண்டும். சித்திரையில் அந்த இடத்தை உழுது நனைத்து, நிறமில்லாத மெல்லிய பாலித்தீன் தாளைத் தரையோடு ஒட்ட விரித்து, ஓரத்தை மண்ணில் புதைத்து 4 முதல் 6 வாரம் விடுங்கள். உள்ளே சூடு ஏறிப் புழுவும் களை விதையும் சாகும். கறுப்புத் தாள் இதற்கு உதவாது, வெயில் உள்ளே புகாது. பிறகு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ மக்கிய குப்பை போட்டு, 45 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் பிடித்து, 15 சென்டிமீட்டருக்கு ஒரு கிழங்கு ஊன்றுங்கள். கிழங்கு சராசரியாக 20 கிராம், தோல் வழவழப்பாக, மருவில்லாமல் இருக்க வேண்டும். விற்காமல் தேங்கிய பொடியை விதைக்கு ஒதுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பொடி ஏன் பொடியாயிற்று என்பதற்கு நூற்புழுவே காரணமாக இருக்கலாம். மூன்றாவது வாரம் 6 சென்டுக்கு 2 முதல் இரண்டரை கிலோ யூரியா போட்டால் கொடி வேகமாக ஓடும். ஒன்றிலிருந்து ஒன்றரை மாதத்தில் வெட்டலாம்.

கணக்கைப் பாருங்கள். 6 சென்டில் சுமார் 3,500 செடி நிற்கும். மேட்டுப்பாத்தியில் 30 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் என்று நட்டால் வாய்க்கால் போக ஏக்கருக்கு ஏறத்தாழ 60,000 கொடித்துண்டு வேண்டும். ஒரு செடிக்கு 17 துண்டு. ஒரே வெட்டில் இது வராது, இரண்டு மூன்று தடவையாகத்தான் வரும். ஒரு ஏக்கரையும் ஒரே நாளில் நட்டுவிடலாம் என்று ஆளைக் கூப்பிட்டுவிட்டுக் கொடி பற்றாமல் முற்றிய அடித்தண்டையும் வெட்டி நடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். முற்றிய தண்டு பிழைக்கும், ஆனால் வேர்விடத் தாமதமாகும், கிழங்கும் ஏறுக்குமாறாக வரும்.

இதையே தொழிலாக எடுக்கலாம். 50 சென்ட் சுத்தமான நாற்றங்கால் இருந்தால் 8 முதல் 10 ஏக்கருக்குக் கொடி கொடுக்க முடியும். ஆனி, ஆடியில் நல்ல கொடிக்கு அலைகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. நோயில்லாத நுனிக்கொடி, 100 துண்டு ஒரு கட்டு, வெட்டிய அன்றே ஈரச்சாக்கில் சுற்றித் தருவது என்று பெயர் எடுத்துவிட்டால் அது கிழங்கு விலையை நம்பி இருக்காத வருமானம். தாய்க்கிழங்கை 3 வருடத்துக்கு ஒருமுறையாவது ஸ்ரீகாரியம் போன்ற இடத்திலிருந்து புதிதாக வாங்குங்கள். நெல்லையிலிருந்து நாகர்கோவில் வழியாக ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம்தான்.

ரகம் என்று பார்த்தால் ஸ்ரீகாரியம் நிலையத்தின் ஸ்ரீதாரா, கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நிதி, சுபலா ஆகியவை முக்கியமானவை. ஸ்ரீதாராவும் நிதியும் 5 மாதப் பயிர், ஆராய்ச்சித் திடலில் ஹெக்டேருக்கு 25 டன்னுக்கு மேல் கொடுத்தவை, அதாவது ஏக்கருக்கு 10 டன். திடல் விளைச்சலை வைத்து வீட்டுக் கணக்குப் போடாதீர்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் 6 டன் என்று வைத்துத்தான் செலவைத் திட்டமிட வேண்டும். சுபலா விளைச்சலில் குறைவு, ஹெக்டேருக்கு 16 டன் அளவு. ஆனால் 120 முதல் 140 நாளில் வந்துவிடும், ஆண்டு முழுவதும் எந்தப் பருவத்திலும் நடலாம். இந்தக் குணம் ஏன் பெரிது என்று சொல்ல வேண்டும்.

சாதாரணச் சிறுகிழங்கு பகல் குறையும்போதுதான் கிழங்கு வைக்கும். ஆனி, ஆடியில் நட்ட கொடி நீண்ட பகலில் நன்றாகப் படர்ந்துவிட்டு, ஐப்பசிக்கு மேல் பகல் சுருங்கும்போது மொத்தச் சத்தையும் கீழே இறக்குகிறது. ஐப்பசியில் போய் நட்டால் கொடி படர நேரமில்லாமலே கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும், விளைச்சல் பாதியாகும். எல்லாரும் ஒரே நேரத்தில் நடுவதற்கும் மார்கழி, தையில் சந்தை நிரம்புவதற்கும் இதுதான் மூலகாரணம். சுபலாவுக்குப் பகல் நீளம் ஒரு பொருட்டில்லை. ஆகவே தண்ணீர் இருக்கும் தோட்டக்காரர் 20 சென்டிலாவது சுபலாவைத் தை மாதம் நட்டு வைகாசி, ஆனியில் எடுக்கும் சோதனையைச் செய்ய வேண்டும். சந்தையில் புதுக் கிழங்கே இல்லாத காலம் அது. கோடைத் தண்ணீர்ச் செலவு கூடும். அதற்கு மேல் விலை கிடைக்கிறதா என்று 20 சென்டில் பார்த்துவிட்டு விரிக்கலாம்.

சாதாரண ரகத்திலும் ஓரளவு பிரித்து நடலாம். ஆனிக் கடைசி, ஆடிக் கடைசி, ஆவணிக் கடைசி என்று மூன்று தவணை. கார்த்திகைக் கடைசியில் முதல் கிழங்கு கேரளத்துக்குப் போகும், சபரிமலை மண்டல காலம். இரண்டாவது பொங்கலுக்கு. மூன்றாவது தை கழிந்து வரும், அது விலை சரியும் நேரம் என்பதால் உரித்துப் பதப்படுத்துவதற்கு ஒதுக்குங்கள்.

நடவில் தவறுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன். நிலம் செவ்வல் அல்லது மணல் கலந்த மண்ணாக, தண்ணீர் வடிகிறதாக இருக்க வேண்டும். கரிசலில் கிழங்கு கோணலாகும், மண் ஒட்டிக்கொண்டு விடாது. 60 முதல் 90 சென்டிமீட்டர் அகல மேட்டுப்பாத்தி, நடுவே 30 சென்டிமீட்டர் வாய்க்கால். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது கிழங்கு மண்ணுக்குள் திரண்டுகொண்டிருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. அந்த அளவு மழைக்கு எந்த வாய்க்காலும் போதாது, ஆனால் சாதாரண ஐப்பசி அடைமழையில் தண்ணீர் 2 நாள் நின்றாலே கிழங்கு அழுகும். ஆகவே தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் வடிகால் வெட்டிவிட்டுத்தான் நடவு. கொடித்துண்டை 4, 5 சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்கவைத்து நுனியை மட்டும் வெளியே விடுங்கள். செங்குத்தாக ஊன்றுவதைவிடப் படுக்கவைத்தால் மண்ணுக்குள் கணுக்கள் அதிகம், விழுது அதிகம்.

உரம் ஏக்கருக்கு மக்கிய குப்பை 4 டன், நடவின்போது யூரியா 26 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 150 கிலோ, பொட்டாஷ் 34 கிலோ. 45ஆவது நாள் களையெடுத்து மறுபடி யூரியா 26, பொட்டாஷ் 34 வைத்து மண் அணைக்க வேண்டும். மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பயிரில் ஒரே ஒரு வேலையைத் தவறவிடக் கூடாது என்றால் அது 45ஆவது நாள் மண் அணைப்புதான். கணுவிலிருந்து இறங்கும் விழுதுகள் மண்ணுக்குள் இருந்தால்தான் கிழங்காகும். வெளியே கிடந்தால் வெறும் கொடியாக ஓடிவிடும். பொட்டாஷைக் குறைத்து யூரியாவைக் கூட்டினால் தோட்டம் கண்ணுக்கு அழகாக இருக்கும், கிழங்கு பொடியாக இருக்கும். பொடிக் கிழங்குக்கு விலை இல்லை.

சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றோடு தோட்டக்கலை அலுவலகத்தில் பதியுங்கள். ஒரு பாத்திக்கு ஒரு குழாய் போதும். நட்ட முதல் வாரம் மட்டும் மேலாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும், சொட்டுநீர் நனைக்கும் வட்டத்துக்கு வெளியே உள்ள துண்டுகள் வேர்விடாமல் காய்ந்துவிடும்.

5 மாதத்தில் கொடி மஞ்சளித்துக் காயும். தோண்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். விலை ஏறட்டும் என்று மண்ணுக்குள்ளேயே விட்டுவைப்பவர்கள் உண்டு. ஒரு மழை விழுந்தால் கிழங்கு முளைவிடும், அழுகும். மம்பட்டியால் வெட்டும்போது காயம்பட்ட கிழங்கைத் தனியாகப் போட்டு அன்றே விற்றுவிடுங்கள். ஒரு காயக் கிழங்கு மூடையையே கெடுக்கும். வெளியூர்ச் சந்தைக்குப் போவதைக் கழுவவே கூடாது. ஒட்டிய மண்ணோடு நிழலில் ஒரு நாள் உலர்த்தி, சணல் சாக்கில் போட வேண்டும். பிளாஸ்டிக் சாக்கில் வேர்த்து நாற்றமெடுக்கும். கடைசியாக, வயலில் கிடக்கும் வேர்களைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். மடக்கி உழுதால் அடுத்த பயிருக்குப் புழுவைச் சேமித்து வைத்ததாகும்.

தோண்டுவதுதான் ஆள்செலவில் பெரும்பங்கு. டிராக்டரில் மாட்டும் நிலக்கடலை தோண்டியை மணல்பாங்கான பாத்தியில் ஒன்றில் ஓட்டிப் பார்க்கலாம். அது மண்ணோடு கிளப்பிவிடும், பொறுக்க ஆள் வேண்டும். உருளைக்கிழங்கு தோண்டியில் கம்பி இடைவெளி அகலம், நம் கிழங்கு வழியிலேயே விழுந்துவிடும். கம்பியை நெருக்கிச் செய்துதரும் பட்டறைக்காரர் கிடைத்தால், பாத்தி அகலத்தை அந்தக் கருவிக்கு ஏற்ப நடவின்போதே முடிவு செய்ய வேண்டும். நட்ட பிறகு கருவி தேடினால் பொருந்தாது.

விற்பனைக்கு வருவோம். பாவூர்சத்திரம் சந்தையோ நெல்லை நயினார்குளம் சந்தையோ, மூடையாகக் கொண்டுபோய்ப் போட்டால் அங்கே சொல்லும் விலைதான். 25 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர் கண்ணுள்ள இரண்டு சல்லடை செய்து மூன்றாகத் தரம் பிரியுங்கள். 25இல் நிற்பது கேரளத்து வியாபாரிக்கு, நடுத்தரம் உள்ளூர் உழவர் சந்தைக்கு, பொடி தனி. மூன்றையும் கலந்தால் பொடியின் விலைதான் மொத்தத்துக்கும் கிடைக்கும். இரண்டு ஏக்கர்காரர் தனியாக லாரி பிடித்து ஆரியங்காவு வழியே அனுப்ப முடியாது. 10, 15 பேர் சேர்ந்து ஒரே தரத்தில் ஒரு வண்டி நிறைத்தால் புனலூர், கொல்லம் வியாபாரியிடம் நேரடியாகப் பேசலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உங்கள் பக்கம் இருந்தால் அதன் வழியாகச் செய்யுங்கள்.

உங்கள் அடக்கவிலையையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஏக்கர் செலவு 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 6,000 கிலோ எடுத்தால் கிலோவுக்கு 20 ரூபாய்தான் அடக்கம். நூற்புழு தின்று 3,500 கிலோவே வந்தால் அதே அடக்கம் 34 ரூபாய். சந்தை விலையை நாம் மாற்ற முடியாது, அடக்கவிலையை மாற்றலாம். மேலே நூற்புழுவுக்கு அத்தனை பத்தி எழுதியதற்குக் காரணம் இதுதான்.

கிழங்கை விரும்புகிறவர்களும் வாங்கத் தயங்குவது தோல் உரிக்கும் பாட்டுக்காக. ஊறவைத்துச் சாக்கில் போட்டுத் தரையில் தேய்க்க வேண்டும், சுரண்ட வேண்டும், விரல் கறுத்துவிடும். அவசர வேலைக்குப் போகிற வீட்டில் இதற்கு நேரமில்லை. உரித்த சிறுகிழங்கைக் கொடுக்கிறவருக்கு நெல்லை, நாகர்கோவில், திருவனந்தபுரம் மூன்று ஊரிலும் வாடிக்கை உண்டு. வளைகுடா நாடுகளில் மலையாளிகள் உறைந்த கூர்க்கையைப் பாக்கெட்டில் வாங்கிச் சமைக்கிறார்கள்.

உணவகங்களில் உருளைக்கிழங்கு உரிக்க வைத்திருக்கும், உள்பக்கம் சொரசொரப்பான உரிப்பு இயந்திரம், ஒரு தடவைக்கு 5 முதல் 10 கிலோ பிடிப்பது, தொடக்கத்துக்குப் போதும். ஒரே அளவுக் கிழங்கைத்தான் ஒரு தடவையில் போட வேண்டும். கலந்து போட்டால் பெரியது உரிவதற்குள் சிறியது பாதியாகத் தேய்ந்துவிடும். முன்பு சொன்ன சல்லடை இங்கேயும் காசாகிறது. உரித்ததைக் காற்றில் விட்டால் சில நிமிடத்தில் கறுக்கும், ஆகவே நேராகத் தண்ணீரில் விழ வேண்டும். பிறகு லிட்டருக்கு 5 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரில் 10 நிமிடம், வடித்து, வெற்றிடப் பையில் அடைத்து, 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை. காற்றில்லாத பையில் வேகாத கிழங்கை வெளிச்சூட்டில் வைத்தால், கெட்டது கண்ணுக்குத் தெரியாமலே நஞ்சாகக்கூடும். கடை வரைக்கும் குளிர் அறுபடாமல் கொண்டுபோக முடியாது என்றால் வெற்றிடப் பையை விட்டுவிட்டு, துளையிட்ட பையில் அன்றன்று உரித்து அன்றே விற்பதோடு நிறுத்துங்கள். உறையவைப்பதற்கு வீட்டு ஃபிரீசர் உதவாது. மெதுவாக உறைவதால் உள்ளே பெரிய பனித்துகள் உண்டாகி, வேகவைத்தால் சதசதவென்று போகும். அதற்கான இயந்திரம் விலை மிக அதிகம். அதனால் ஏற்கெனவே அந்த வசதியுள்ள கேரளத்து நிறுவனத்துக்குத் தரம் பிரித்த கிழங்கை ஒப்பந்தத்தில் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

உரிப்பதில் போகும் எடையை 10 கிலோ போட்டு நீங்களே நிறுத்துப் பாருங்கள். 25 சதவீதம் போகிறது என்றால் ஒரு கிலோ உரித்த கிழங்குக்கு 1.33 கிலோ வேண்டும். விலை வைக்கும்போது இதை மறந்தவர்கள் உழைத்து நட்டப்படுவார்கள். உரித்த தோலை நேராகத் தோட்டத்தில் கொட்டாதீர்கள், அதில் புழு இருக்கலாம். குவித்துச் சாணமும் சருகும் சேர்த்துச் சூடு ஏறி மக்கிய பிறகு போடலாம். சிப்ஸ், மாவு என்று பலர் யோசனை சொல்வார்கள். இத்தனை சிறிய கிழங்கைச் சீவிச் சிப்ஸ் போட்டு உருளையோடு போட்டி போட முடியாது என்பது என் கருத்து.

உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒரு பாக்கெட்டும் விற்கக் கூடாது. குறு உணவுத் தொழில்களுக்காக 2020இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் இயந்திரச் செலவில் 35 சதவீதம், 10 லட்சம் ரூபாய் உச்சவரம்போடு, கடனோடு இணைந்த மானியம் கொடுத்தார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் நேரத்தில் அது நடப்பில் இருக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். மானியத்தை நம்பி இயந்திரம் வாங்காதீர்கள், மாதம் எத்தனை கிலோ விற்கும் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள்.

உங்கள் 2 ஏக்கருக்கு முதல் வருடம் இப்படிச் செய்யலாம். மாசியில் தொட்டியில் தக்காளி வைத்து மண்ணைச் சோதியுங்கள், கூடவே ஒன்றரை ஏக்கரில் ஸ்ரீபத்ரா. சித்திரையில் 6 சென்டுக்குப் பாலித்தீன் மூட்டம். வைகாசியில் நாற்றங்கால். ஆனி முதல் ஆவணி வரை மூன்று தவணையாக ஒரு ஏக்கர் சிறுகிழங்கு, அதற்கு மேல் வேண்டாம். மீதி நிலத்தில் வழக்கமான பயிர் இருக்கட்டும், கைச்செலவுக்கு வேண்டும். தையில் 20 சென்ட் சுபலா. மூன்று தவணையிலும் எத்தனை கிலோ எந்தத் தரம், என்ன விலை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தோண்டும்போது ஒவ்வொரு பாத்தியிலும் நாலு செடியின் வேரைத் திருப்பிப் பார்த்து, முடிச்சு இருந்த பாத்திக்கு ஒரு குச்சி நட்டு வையுங்கள். குச்சி நட்ட பாத்தியிலிருந்து விதைக்கிழங்கு எடுக்காதீர்கள்.